நோய்த்தொற்று வரைபடத்தைச் சரிசெய்வது எப்படி: அட்டவணையிலிருந்து தலைப்பு வரை

2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் கொரோனா பற்றி ஒரு பட்டை வரைபடம் இருந்தது. தொற்று அதிகமுள்ள ஐந்து கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) இரண்டு வாரக் கணக்கு அது. இடப்பக்கம் உயரமான பட்டைகள். வலப்பக்கம் போகப் போகக் குட்டையாகிக்கொண்டே வரும். பார்த்த மாத்திரத்தில் ‘அப்பாடா, குறைகிறது’ என்று தோன்றும். அடியில் இருந்த தேதிகளைப் படித்தால்தான் சங்கதி தெரியும். ஏப்ரல் 28-க்கு அடுத்து ஏப்ரல் 27. மே 1-க்குப் பிறகு ஏப்ரல் 30. மே 7-க்கும் மே 3-க்கும் நடுவில் ஏப்ரல் 26 உட்கார்ந்திருந்தது. பட்டைகளை நாள் வரிசையில் அடுக்காமல் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கியிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஒவ்வொரு நாளுக்குள்ளும் கவுண்டிகளின் வரிசை மாறிக்கொண்டே இருந்தது. கண்டனம் கிளம்பியதும் படத்தை மாற்றினார்கள். ஆளுநர் அலுவலகம் மன்னிப்பும் கேட்டது.

அந்தப் படத்தில் ஒரு பட்டையின் உயரம்கூடத் தவறில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எண்கள் சரியாக இருந்தும் படம் பொய் சொன்னது. மென்பொருளில் ‘மதிப்பின்படி அடுக்கு’ என்ற ஒரு தேர்வே இதற்குப் போதும். ஏமாற்றும் வரைபடங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன: யாரோ ஒருவர் மென்பொருள் தந்த முதல் படத்தை அப்படியே வெளியிட்டுவிடுகிறார், அல்லது எண் எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் வரைந்துவிடுகிறார். அதனால் சரிசெய்யும் வேலையையும் படத்தில் தொடங்கக் கூடாது. முதலில் அட்டவணை, பிறகு வகுத்தல், பிறகு அச்சு. நிறமும் எழுத்துருவும் கடைசி.

படி 1: இந்த எண் எதை எண்ணுகிறது, எந்த நாளில் வைக்கிறது?

ஒரே நோயாளிக்குக் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு: அறிகுறி தொடங்கிய நாள், சளி மாதிரி எடுத்த நாள், அரசு அறிவிப்பில் எண்ணிக்கையாகச் சேர்ந்த நாள். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே ஒரு வாரம் போகலாம், இரண்டு வாரமும் போகலாம். படத்தின் கிடை அச்சில் வெறுமனே ‘தேதி’ என்று எழுதியிருந்தால் அது பாதிப் படம்தான். எந்தத் தேதி என்று அச்சிலேயே எழுதுங்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். 2020 அக்டோபர் 3 அன்று பிரிட்டனில் 12,872 புதிய தொற்றுகள் என்று அறிவித்தார்கள், மறுநாள் 22,961. ஒரே நாளில் தொற்று இரட்டிப்பாகிவிடவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 முடிவுகள் கணக்கில் விடுபட்டிருந்தன. எக்செலின் பழைய கோப்பு வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. விடுபட்டதை எல்லாம் பின்னர் சேர்த்தபோது, அறிவித்த நாளின்படி வரைந்த படத்தில் ஒரு கோபுரம் முளைத்தது. மாதிரி எடுத்த நாளின்படி வரைந்த படத்தில் அந்த எண்கள் தத்தம் நாளில் போய் அமர்ந்தன, கோபுரமே இல்லை. தரவு ஒன்று, கதை இரண்டு.

நோய் எப்படிப் பரவியது என்று காட்ட வேண்டுமானால் அறிகுறி நாளையோ மாதிரி நாளையோ எடுத்துக்கொள்ளுங்கள். அறிவித்த நாள் மட்டுமே கிடைக்கிறது என்றால் அதையே வரையலாம், ஆனால் தலைப்பில் ‘நாள்தோறும் அறிவிக்கப்பட்டவை’ என்று இருக்க வேண்டும். ‘நாள்தோறும் தொற்றியவர்கள்’ என்று இருக்கக் கூடாது.

அடுத்து, ‘தொற்று’ என்பதன் வரையறை. 2020 பிப்ரவரி 12-க்கான கணக்கில் சீனாவின் ஹூபே மாகாணம் ஒரே நாளில் 14,840 புதிய தொற்றுகளைக் காட்டியது. அவற்றில் 13,332 பேர் ஆய்வகப் பரிசோதனை இல்லாமல், நுரையீரல் ஸ்கேன், அறிகுறி ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர்கள் முடிவுசெய்தவர்கள். அன்றுதான் அவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இப்படி வரையறை மாறும் இடத்தில் கோட்டைத் தொடர்ச்சியாக இழுக்கக் கூடாது. ஒரு செங்குத்துப் புள்ளிக்கோடு போட்டு, அதன் பக்கத்திலேயே ‘இன்று முதல் மருத்துவர் கணிப்பும் சேர்ப்பு’ என்று எழுதுங்கள். அடிக்குறிப்பில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். படத்தை வெட்டிப் பகிரும்போது அடிக்குறிப்புதான் முதலில் போகும்.

படி 2: அட்டவணையைத் துப்புரவு செய்யுங்கள்

இந்த வேலை சலிப்பானது. ஆனால் பாதித் தவறுகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

தேதிகள் உண்மையிலேயே தேதிகளா என்று பாருங்கள். எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் உண்மையான தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாகப் பதிவான தேதி இடப்பக்கம் நிற்கும். எழுத்தாக இருந்தால் மென்பொருள் அதை ஒரு பெயராகத்தான் நினைக்கும். ஜார்ஜியாவில் நடந்தது போல எந்த வரிசையிலும் அடுக்கிவிடும். 04/05/2020 என்பது நமக்கு மே 4, அமெரிக்க அமைப்புள்ள கணினிக்கு ஏப்ரல் 5. 12-க்கு மேற்பட்ட நாளெண் வந்தால் மட்டும் அது எழுத்தாக நின்றுவிடும். அதனால் பாதித் தேதிகள் இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் நின்றால் இந்தக் குழப்பம்தான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

விடுபட்ட நாட்களைத் தேடுங்கள். முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை ஒரு நாளும் விடாமல் ஒரு நெடுவரிசை எழுதி, பக்கத்தில் தரவைப் பொருத்துங்கள். காலியான செல் வந்தால் உடனே பூஜ்ஜியம் போட்டுவிடாதீர்கள். அன்று யாருக்கும் தொற்று இல்லையா, அல்லது அன்று அறிக்கையே வரவில்லையா? இரண்டும் வேறு.

எதிர்மறை எண்கள் வரும், அஞ்ச வேண்டாம். நேற்றுவரை இருந்த மொத்தத்தில் இரட்டைப் பதிவுகளை நீக்கினால், இன்றைய மொத்தத்திலிருந்து நேற்றையதைக் கழிக்கும்போது கழித்தல் குறி வரத்தான் செய்யும். அதை நீக்கிவிட்டுப் பூஜ்ஜியம் போட்டால் கூட்டுத்தொகை தவறிவிடும். எந்த நாட்களில் அந்தப் பதிவுகள் இருந்தன என்று தெரிந்தால் அங்கே கழியுங்கள். தெரியாவிட்டால் அட்டவணையில் அப்படியே வைத்து, படத்தில் குறியிடுங்கள்.

இதன் மறுபக்கம்தான் மொத்தமாகச் சேர்க்கப்படும் பழைய மரணங்கள். தமிழ்நாட்டில் 2020 ஜூலை 22 அன்றைய அறிக்கையில் 518 மரணங்கள் இருந்தன. அன்றைய கணக்கு 74. மீதி 444, முந்தைய மாதங்களில் விடுபட்டு, தணிக்கைக் குழுவின் ஆய்வுக்குப் பின் சேர்க்கப்பட்டவை. பீகார் 2021 ஜூன் 9 அன்று தன் மொத்த மரண எண்ணிக்கையை 5,458-லிருந்து 9,429 ஆக உயர்த்தியது. மறுநாள் இந்தியாவின் ஒருநாள் மரணம் 6,148 என்று தலைப்புச் செய்திகள் வந்தன, அதுவரை இல்லாத உச்சம் என்று. வரைபடத்திலும் அப்படியே ஒரு ஈட்டி நின்றது.

இத்தகைய எண்ணுக்கு மூன்று வழிகள் உண்டு. உண்மையான இறந்த நாட்கள் வெளியாகியிருந்தால் அங்கங்கே பிரித்து வையுங்கள், இதுவே சிறந்தது. வெளியாகவில்லை என்றால், நாள்வாரிப் படத்திலும் சராசரியிலும் அன்றைய உண்மை எண்ணை மட்டும் (தமிழ்நாட்டுக்கு 74) வரைந்து, மீதியை ‘பழைய மரணங்கள் 444 இன்று சேர்ப்பு’ என்று எழுதிக் காட்டுங்கள். மொத்த எண்ணிக்கையில் முழுவதையும் சேருங்கள். மூன்றாவது வழி, கடந்த நாட்களுக்கெல்லாம் சமமாகப் பிரித்துப் போடுவது. சிலர் அப்படிச் செய்கிறார்கள். இல்லாத தகவலை உருவாக்கும் வேலை அது, வேண்டாம்.

படி 3: மொத்தக் கோட்டை எடுத்துவிட்டு நாள்வாரியைப் போடுங்கள்

‘இதுவரை மொத்தம்’ என்ற கோடு ஒருபோதும் இறங்காது. நோய் முற்றிலும் ஓய்ந்தாலும் அது உச்சியில் தட்டையாக நிற்கும். பயமுறுத்த விரும்புகிறவருக்கும் பிடிக்கும், ‘வளைவு தட்டையாகிறது’ என்று ஆறுதல் சொல்ல விரும்புகிறவருக்கும் பிடிக்கும். நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வீதம் தொற்றிக்கொண்டே இருந்தாலும் மொத்தக் கோடு நேராகத்தான் போகும்; பழைய உயரம் பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தட்டையாகவே தெரியும். பரவல் கூடுகிறதா குறைகிறதா என்பதே கேள்வி என்றால் நாள்வாரிப் புதிய தொற்றுதான் படம்.

நாள்வாரி எண்ணில் வார ரம்பம் இருக்கும். ஞாயிறன்று ஆய்வகங்கள் குறைவாக இயங்கும், திங்களன்று எண் விழும், வார நடுவில் ஏறும். இதைச் சமன்செய்ய ஏழு நாள் சராசரி எடுக்க வேண்டும். ஐந்து எடுத்தால் சில சராசரிகளில் ஞாயிறே இருக்காது, பத்து எடுத்தால் சிலவற்றில் ஒரு ஞாயிறும் சிலவற்றில் இரண்டு ஞாயிறும் விழும்; ரம்பம் போகாது. ஏழோ பதினான்கோதான் சரிப்படும்.

கணக்கிடும்போது ஒரு பொறி இருக்கிறது. விரிதாளின் சராசரிச் சார்பு (AVERAGE) காலிச் செல்களைத் தவிர்த்துவிட்டு வகுக்கும். ஒரு வாரத்தில் ஐந்து நாட்கள் தலா 100 தொற்று, ஞாயிறு அறிக்கை இல்லை, திங்களன்று இரண்டு நாளுக்கும் சேர்த்து 200 என்று வையுங்கள். உண்மைச் சராசரி 700-ஐ 7-ஆல் வகுத்து 100. சார்பு 6-ஆல் வகுத்து 117 என்று சொல்லும். விடுமுறை அதிகமுள்ள வாரங்களில் இல்லாத அலை ஒன்று இப்படித்தான் எழும். ஏழு நாட்களின் கூட்டலை எடுத்து, நீங்களே 7-ஆல் வகுத்துவிடுங்கள்.

சராசரியை எந்த நாளில் வைப்பது என்பதும் முக்கியம். முந்தைய ஏழு நாட்களின் சராசரியை ஏழாம் நாளில் வைத்தால், கோடு உண்மையைவிட மூன்று நாள் பின்தங்கும். ‘ஊரடங்கு அறிவித்து எத்தனையாம் நாள் இறங்கத் தொடங்கியது’ என்பது போன்ற கேள்விக்கு இந்த மூன்று நாள் பெரிது. நடு நாளில் வையுங்கள். அப்போது கடைசி மூன்று நாட்களுக்குக் கோடு இருக்காது, இருக்கவும் கூடாது. படத்தில் நாள்வாரி எண்களை மங்கிய பட்டைகளாகவும், சராசரியை அடர்ந்த கோடாகவும் வரையுங்கள். சராசரியை மட்டும் காட்டினால் படிப்பவர் மூல எண்ணைச் சரிபார்க்க முடியாது.

படி 4: வாலை வெட்டாமல் நிறம் மாற்றுங்கள்

அறிகுறி நாளின்படியோ மாதிரி நாளின்படியோ வரைந்த எந்தப் படத்திலும் வலது ஓரம் எப்போதும் சரிந்தே இருக்கும். நேற்று காய்ச்சல் கண்டவருக்கு இன்னும் பரிசோதனையே நடந்திருக்காது. அவர் அடுத்த வாரம் வந்து நேற்றைய பட்டையில் சேர்வார். எந்த நாளில் பார்த்தாலும் ‘இப்போது குறைகிறது’ என்று சொல்லும் படம் இது. ஜார்ஜியாவின் துறையே தன் அறிகுறி நாள் படத்தில் கடைசி 14 நாட்களைத் தனியாகக் குறித்து, கணக்கு முழுமையடையவில்லை என்று எழுதியிருந்தது. ஆனாலும் அந்தச் சரிவைக் காட்டிப் பேசியவர்கள் குறையவில்லை.

எத்தனை நாளைச் சாம்பல் நிறமாக்குவது? ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். தினமும் அதே அட்டவணையை இறக்கித் தேதியிட்ட கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மாதம் கழித்து, குறிப்பிட்ட ஒரு நாளுக்கான எண் முதல் நாளில் எவ்வளவு இருந்தது, மூன்றாம் நாளில் எவ்வளவு, ஏழாம் நாளில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். இப்போதைய எண்ணில் 95 விழுக்காட்டைத் தொட எத்தனை நாள் ஆனதோ அத்தனை நாள் சாம்பல். பத்துப் பதினைந்து நாட்களுக்கு இப்படிப் பார்த்து, அவற்றில் நீளமானதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. கோடு அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் கண் கோட்டைத்தான் நம்பும்.

படி 5: எதனால் வகுக்கிறோம்?

உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 19.98 கோடி, கேரளத்துக்கு 3.34 கோடி. ஆறு மடங்கு. இரண்டு மாநிலங்களின் தொற்று எண்ணை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஜனத்தொகையை வரைந்ததாகத்தான் ஆகும். லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றுங்கள்: தொற்றை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்கள் பலவும் பத்து லட்சத்துக்கு எத்தனை என்று தரும். இரண்டையும் கலந்தால் பத்து மடங்கு பிழை.

வகுக்கும் எண்ணிலும் கண்ணி உண்டு. தமிழ்நாட்டு மாவட்டங்களை 2011 கணக்கெடுப்பால் வகுப்பவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். அந்தக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்துக்கு 39.36 லட்சம் பேர். 2019-ல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டன. இன்றைய வேலூரின் தொற்றை அன்றைய வேலூரின் மக்கள்தொகையால் வகுத்தால், விகிதம் உண்மையைவிட மிகவும் குறைவாக வரும்; வேலூர் பாதுகாப்பான மாவட்டம் போலத் தெரியும். தென்காசி பிரிந்த திருநெல்வேலிக்கும், கள்ளக்குறிச்சி பிரிந்த விழுப்புரத்துக்கும், செங்கல்பட்டு பிரிந்த காஞ்சிபுரத்துக்கும் இதே கதை. சென்னையின் எல்லை 2018-ல் விரிந்ததால் அங்கே பிழை எதிர்த்திசையில், விகிதம் கூடிவிடும். தாலுகா வாரியாகக் கூட்டிப் புதிய மாவட்டத்தின் மக்கள்தொகையை எடுங்கள். எந்த ஆண்டின் கணக்கு என்று படத்தில் எழுதுங்கள்.

சிறிய இடங்களில் லட்சத்துக்கான விகிதமே ஏமாற்றும். லட்சத்தீவின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 64,473. அங்கே ஒருவருக்குத் தொற்றினால் லட்சத்துக்கு 1.55 ஆகிவிடும். சென்னையில் அந்த அளவு வர, 46.47 லட்சம் என்ற 2011 கணக்குப்படியே 72 பேருக்குத் தொற்ற வேண்டும். சிறிய இடங்களுக்கு நாள் கணக்கு வேண்டாம். இரண்டு வாரக் கூட்டல் போதும். விகிதத்தின் பக்கத்தில் உண்மை எண்ணையும் எழுதிவிடுங்கள்.

பரிசோதனை எண்ணிக்கை இன்னொரு வகுக்கும் எண். ஒரு வாரம் 10,000 பரிசோதனையில் 500 பேருக்குத் தொற்று, அடுத்த வாரம் 5,000 பரிசோதனையில் 400 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். தொற்று வரைபடம் 20 விழுக்காடு இறக்கம் காட்டும். நூறு பரிசோதனைக்குத் தொற்று 5-லிருந்து 8 ஆக ஏறியிருக்கிறது. இரண்டு படங்களையும் ஒரே தேதி அச்சில் மேலும் கீழுமாக வையுங்கள். தமிழ்நாட்டின் கொரோனா அறிக்கைகளில் ‘மாதிரிகள்’ ஒரு எண்ணாகவும் ‘நபர்கள்’ இன்னொரு எண்ணாகவும் இருந்தன; ஒருவருக்கே மறுபரிசோதனை நடந்ததால் மாதிரிகள் கூடுதல். எதனால் வகுத்தாலும் சரி, நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும்.

இறப்பு விகிதத்துக்கு இன்றைய மரணத்தை இன்றைய தொற்றால் வகுக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். இன்று இறப்பவர் சில வாரங்களுக்கு முன் தொற்றியவர். அலை ஏறும்போது அந்த விகிதம் பொய்யாகக் குறையும், இறங்கும்போது பொய்யாகக் கூடும்.

படி 6: தடுப்பூசிப் படங்களில் வயதைப் பிரியுங்கள்

இதற்குத் தனிப் படி தேவைப்படுவதற்குக் காரணம், நன்கு படித்தவர்களும் இதில் தடுக்கி விழுந்ததுதான். 2021 ஆகஸ்ட் நடுவில் இஸ்ரேலில் கடுமையான நோயோடு மருத்துவமனையில் இருந்தவர்களில் 301 பேர் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்கள், 214 பேர் போடாதவர்கள். இதை வட்டப்படமாகப் போட்டால் பாதிக்கு மேல் தடுப்பூசிக்காரர்கள்; ‘ஊசியால் பயனில்லை’ என்ற தலைப்புடன் உலகம் சுற்றியது.

முதல் திருத்தம் வகுத்தல். போட்டவர்கள் சுமார் 56.3 லட்சம், போடாதவர்கள் 13 லட்சம். லட்சத்துக்கு 5.3, எதிரே 16.4. இப்போது தடுப்பூசி ஆபத்தை ஏறத்தாழ 67 விழுக்காடு குறைப்பதாகத் தெரிகிறது. பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொரு வெட்டு பாக்கி இருக்கிறது. முதியவர்கள்தான் முண்டியடித்து ஊசி போட்டிருந்தார்கள். கடுமையான நோய் வருவதும் முதியவர்களுக்குத்தான். ஐம்பது வயதில் பிரித்தால், கீழே உள்ளவர்களில் போட்டவர்களுக்கு லட்சத்துக்கு 0.3, போடாதவர்களுக்கு 3.9. மேலே உள்ளவர்களில் 13.6, எதிரே 91.9. ஆபத்து குறைந்த அளவு இளையோரில் சுமார் 92 விழுக்காடு, முதியோரில் 85. இரண்டு பிரிவிலும் 85-க்குக் குறையவில்லை. சேர்த்துப் பார்த்தால் 67. கணக்கில் பிழை இல்லை, கலவையில்தான் பிழை.

ஆகவே தடுப்பூசிப் படத்துக்கு வட்டப்படம் வேண்டாம். வயதுப் பிரிவுக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டை, எல்லாக் கட்டங்களுக்கும் லட்சத்துக்கு என்ற ஒரே அளவுகோல்.

படி 7: அச்சைச் சரிசெய்யுங்கள்

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்வர் நகரத் தொலைக்காட்சி ஒன்று காட்டிய படத்தில் நெடு அச்சின் எண்கள் இப்படி இருந்தன: 30, 60, 90, 100, 130, 160, 190, 240, 250, 300, 350, 400. எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி. 90-க்கும் 100-க்கும் இடையே பத்து. 190-க்கும் 240-க்கும் இடையே ஐம்பது. உயரம் மட்டும் ஒன்றே. கோட்டின் வளைவுக்கு இதன்பின் எந்தப் பொருளும் இல்லை. இதைத் திருத்துவது எளிது: அச்சு எண்களைக் கையால் எழுதாமல் மென்பொருளிடம் விடுங்கள், சம இடைவெளி தானாக வரும்.

பட்டை வரைபடம் பூஜ்ஜியத்தில் தொடங்கியே ஆக வேண்டும். பட்டையின் நீளம்தான் எண். 900-லிருந்து தொடங்கினால் 1,000-க்கான பட்டை 950-க்கான பட்டையைப் போல இரண்டு மடங்காகத் தெரியும். கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். தொற்று எண்ணிக்கைக்கு மட்டும் கோட்டையும் பூஜ்ஜியத்திலேயே தொடங்குங்கள். பூஜ்ஜியம் என்பது அங்கே உண்மையான, எல்லோரும் அடைய விரும்பும் எண்.

இரண்டு அச்சுப் படம் தனி ஆபத்து. 2020 ஜூலையில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் முகக்கவச உத்தரவு வந்தது. கவுண்டிகள் விரும்பினால் விலகலாம். ஆகஸ்டில் மாநிலச் சுகாதாரத் துறை காட்டிய படத்தில், கவசம் கட்டாயமான கவுண்டிகளின் கோடு விழுந்து, மற்ற கவுண்டிகளின் கோட்டுக்குக் கீழே போனது. உண்மையில் கீழே போகவில்லை. இடது அச்சு 15 முதல் 25 வரை, வலது அச்சு 4 முதல் 14 வரை. கவசக் கவுண்டிகளில் லட்சத்துக்கான தொற்று அப்போதும் அதிகமே; ஆனால் குறைந்துகொண்டிருந்தது, மற்றவற்றில் குறையவில்லை. சொல்ல வந்த செய்தி நியாயமானது. படம் அதைக் கெடுத்தது. ‘ஏமாற்றினார்கள்’ என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கொடுத்தது. ஒரே அச்சில், பூஜ்ஜியத்திலிருந்து வரைந்திருந்தால் ஒரு கோடு இறங்குவதும் மற்றது அசையாமல் நிற்பதும் தெளிவாகத் தெரிந்திருக்கும். மாற்றத்தை ஒப்பிடுவதே நோக்கம் என்றால், உத்தரவு வந்த நாளின் அளவை இரண்டுக்கும் 100 என்று வைத்து வரையலாம்.

மடக்கை அளவுகோலுக்கும் இடம் உண்டு. அதில் சம உயரம் என்பது சம மடங்கு: 100-லிருந்து 1,000-க்கும் 1,000-லிருந்து 10,000-க்கும் ஒரே ஏற்றம். அலை தொடங்கும்போது வேகத்தைக் காட்ட இது உதவும். மருத்துவமனைப் படுக்கைச் சுமையைக் காட்ட உதவாது. 1,000-லிருந்து 2,000 ஆவது அங்கே சிறு மேடாகத் தெரியும், வார்டில் அப்படித் தெரியாது. மடக்கையில் பூஜ்ஜியம் கிடையாது, ஆகவே பட்டையும் போடக் கூடாது. பொது வாசகருக்கென்றால் மடக்கைக்குப் பதில் இரட்டிப்பு நாட்களைச் சொல்லிவிடுவது மேல். இந்த வாரத் தொற்றைச் சென்ற வாரத் தொற்றால் வகுங்கள். 1.4 வந்தால், 2-இன் மடக்கையை 1.4-இன் மடக்கையால் வகுத்து 7-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 14 நாளில் இரட்டிப்பு.

படி 8: நிலப்படத்தில் நிறத்தைப் பூட்டுங்கள்

மறுபடியும் ஜார்ஜியா. 2020 ஜூலையில் பதினைந்து நாள் இடைவெளியில் அந்த மாநிலத்தின் மொத்தத் தொற்று ஏறத்தாழ 49 விழுக்காடு கூடியது. கவுண்டி வாரி நிலப்படம் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. எண் கூடக் கூட நிறத்துக்கான எல்லையும் கூடிக்கொண்டே போனதுதான் காரணம். பல மென்பொருள்கள் இருக்கும் தரவை நான்கைந்து பங்காகப் பிரித்து நிறம் கொடுக்கும். தரவு மாறினால் பங்கும் மாறும்.

நிற எல்லைகளை நீங்களே எழுதிப் பூட்டுங்கள்: இரண்டு வாரத்தில் லட்சத்துக்கு 0 முதல் 10, 10 முதல் 25, 25 முதல் 50, 50 முதல் 100, 100-க்கு மேல் என்பது போல. அலை முழுவதற்கும் அதே எல்லை. ஒரே நிறத்தின் வெளிறலிலிருந்து அடர்த்திவரை போதும். பச்சை, சிவப்பு இரண்டையும் எதிரெதிராக வைத்தால் நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்று. தரவு வராத மாவட்டத்துக்குச் சாம்பல் கொடுங்கள். வெள்ளை விட்டால் ‘தொற்றே இல்லை’ என்று படிப்பார்கள். நிலப்படத்தில் வெறும் எண்ணிக்கைக்கு நிறம் தீட்டவே கூடாது. மொத்த எண்தான் வேண்டும் என்றால் மாவட்டத்தின் மேல் வட்டம் வரையுங்கள், வட்டத்தின் பரப்பு எண்ணுக்குத் தக்கபடி இருக்கட்டும். விட்டத்தை எண்ணுக்குத் தக்கபடி வைத்தால் இரண்டு மடங்கு நான்கு மடங்காகத் தெரியும்.

முப்பரிமாண வட்டப்படம் பற்றி ஒரே வரி: அழித்துவிட்டு அட்டவணையாகப் போடுங்கள்.

படி 9: எழுத்து, சோதனை, வெளியீடு

தலைப்பில் நான்கு விவரங்கள் வேண்டும்: என்ன, எங்கே, எந்தத் தேதி முறையில், எதனால் வகுத்து. ‘கொரோனா நிலவரம்’ என்பது தலைப்பே ஆகாது. ‘மாதிரி எடுத்த நாளின்படி புதிய தொற்று, லட்சம் பேருக்கு, ஏழு நாள் சராசரி’ நீளம்தான். ஆனால் வெட்டிப் பகிர்ந்தாலும் கூடவே போகும். தரவு எடுத்த நாளையும் நேரத்தையும் படத்துக்குள்ளேயே சிறிதாக எழுதுங்கள். கோடுகளின் பெயரைத் தனிப் பெட்டியில் போடாமல் கோட்டின் முனையில் எழுதினால் நிறம் பார்த்துத் தேட வேண்டாம்.

வெளியிடுமுன் படத்தைக் கைபேசி அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். பிறகு இந்த வேலையில் தொடர்பில்லாத ஒருவரிடம் ஐந்து நொடி காட்டி, மூடிவிட்டு, ‘என்ன புரிந்தது?’ என்று கேளுங்கள். அவர் சொல்வது அட்டவணையோடு முரண்பட்டால் தவறு அவருடையது அல்ல. ஜார்ஜியாவின் அந்த முதல் படத்துக்கு இந்தச் சோதனை நடந்திருந்தால் அது அறையை விட்டு வெளியே வந்திருக்காது.

ஏற்கெனவே வெளியான படத்தைத் திருத்தினால், பழைய படத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். அது அதற்குள் நூறு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும். புதிய படத்தின் மேல் ‘திருத்தியது’ என்ற சொல்லும் தேதியும், கீழே என்ன மாறியது என்று ஒரு வரியும் (‘பட்டைகள் இப்போது தேதி வரிசையில்’, ‘வேலூரின் மக்கள்தொகை புதிய எல்லைப்படி’) இருக்கட்டும். பழைய கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, அட்டவணையோடு அதே அடைவில் வைத்துவிடுங்கள். யாராவது பழைய படத்தோடு வந்து கேட்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட அது வேண்டும்.